தூரமா?

எங்கள் பக்கத்தில், புறப்படுகிறவனைப் பார்த்து "எங்க போற?" என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். செருப்பை மாட்டிய பிறகு யாராவது கேட்டுத் தொலைத்தால், கேட்டவருக்கு வசவு. போகிறவன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் விவரமானவர்கள் "தூரமா?" என்பார்கள். "ஆமா, கொஞ்சம் தூரம்" என்பது பதில். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடிக்குப் போனாலும் அதே பதில்தான், பாரிசுக்குப் போனாலும் அதே பதில்தான்.

எனக்கோ பயண பயம் பரம்பரைச் சொத்து. டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே வயிறு சொன்னபடி கேட்காது. கேஸை மூடினோமா, மாத்திரையை எடுத்தோமா என்று ராத்திரி முழுக்கக் கணக்கு ஓடும். வாசல் பூட்டை நான் இழுத்துப் பார்க்கிற வேகத்தில் ஒருநாள் கதவே கையோடு வந்துவிடும் என்பாள் மனைவி. இதையெல்லாம் யாரிடமாவது கொட்டி ஆறலாமென்றால், வீட்டில் அத்தனை பேருக்கும் சகுனம். வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்தச் சகுனமெல்லாம் பார்க்காத ஒரு மௌல்வி, எங்கள் திருச்சுழிக்காரர் ஒருவருக்கு வழி சொல்லியிருக்கிறார். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வெங்கடராமன்தான் அவர். ரமண மகரிஷி என்றால் உலகத்துக்கே தெரியும். 1896 ஆகஸ்ட் 29 அன்று, 16 வயதில், ஸ்பெஷல் கிளாஸ் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மதுரை வீட்டிலிருந்து கிளம்பினார். அப்படியே என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு, பெட்டியில் 5 ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். தம்பி 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். துறவிலும் கணக்கு சுத்தம்!

பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிச்சம் 3 அணா. எனக்கு இதை எழுதும்போதே வியர்க்கிறது. பெட்டியில் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்த நரைத்த தாடி மௌல்வி, வாய் திறக்காமல் இருந்த பையன் பக்கம் திரும்பி, எங்கே போகிறீர் என்று கேட்டேவிட்டார். அப்போதுதான், திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்ற சங்கதி வெளியே வந்தது. பையன் விடிகாலை 3 மணிக்கு விழுப்புரத்தில் இறங்கினார். அப்புறம் நடை, பசி, கடுக்கனை அடகு வைத்தது என்று கதை நீளும். செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு வாய்த்தது மௌல்வி அல்ல, ஓர் ஆத்தா. அருப்புக்கோட்டை ஸ்டேஷன், பொழுது சாய்ந்த நேரம், சென்னைக்குப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ். வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். எஸ் 5 எஞ்சின் பக்கம் வருமா, கார்டு பக்கம் வருமா? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தேன்.

"யய்யா, எங்க போறீக?"

தூரமா கீரமா என்ற சுற்றி வளைப்பெல்லாம் இல்லை. நேரடித் தாக்குதல்.

"மெட்ராசுக்கு, ஆத்தா."

"எதுக்கு?"

"மகனைப் பார்க்க."

"மருமக சொந்தமா, அசலா? பேரன் பேத்தி உண்டா? மகன் கவனிக்கிறானா?"

இதே கேள்விகளை உறவுக்காரர் கேட்டிருந்தால் சண்டை. முன்பின் தெரியாதவரிடம் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அடுத்த கல்யாண வீட்டில் அதை யாரும் நமக்கே திருப்பிச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டு விவகாரம் உட்பட. வயிறு அடங்கிவிட்டது.

"எந்தப் பொட்டி?"

"எஸ் 5."

"அந்தா, அந்தத் தண்ணிக் குழாய்க்கு நேரா நில்லுங்க. அங்கனதான் வரும். எப்பவும் பாக்குறவளுக்குத் தெரியாதா?"

"நீங்க எங்க போறீக ஆத்தா?"

"நான் எங்கய்யா போறேன்? போறவுகட்ட குடுத்து விட வந்தேன்."

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பை வெளியே வந்தது. குதிரைவாலி அரிசி, உளுந்து, கருப்பட்டி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டப்பா ஊறுகாய். மூடி மேல் பழைய வேட்டித் துணி, முடிச்சின் மேல் முடிச்சு. "தாம்பரத்துல எம் மக நிப்பா. சாச்சுராதீக. உங்க நம்பரச் சொல்லுங்க."

அன்று ராத்திரி எனக்குப் பூட்டு ஞாபகமில்லை, கேஸ் ஞாபகமில்லை. ஊறுகாய்தான். மானாமதுரையில் ஒரு போன், காரைக்குடியில் ஒரு போன், திருச்சியில் ஒரு போன். "நேரா இருக்கா?" விழுப்புரத்தில் மணி அடித்தபோது மேல் பெர்த்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், ஊர்ல யாருக்காவது சீரியஸா?"

"இல்லைங்க. ஊறுகாய்."

தாம்பரத்தில் மகள் வந்தாள். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"பரவாயில்லண்ணே, சிந்தாம கொண்டாந்திருக்கீங்க. போன தடவ வந்தவரு விழுப்புரத்துல தூங்கிட்டாரு."