யுவர் ஆனர், அது உண்மைதான்!

1874. வாஷிங்டனில் கிளெய்ம்ஸ் கோர்ட். வக்கீலாகப் பதிவு செய்ய வந்து நிற்கிறார் பெல்வா லாக்வுட். தலைமை நீதிபதி டிரேக் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்றை அறிவிக்கிறார்: நீங்கள் ஒரு பெண்!

அடடா, என்ன கூர்மை! அம்மா மறுக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டாவது குற்றச்சாட்டு: கல்யாணமான பெண். 'புருஷன் சம்மதத்தோடுதான் வந்திருக்கிறேன்' என்றார். புருஷன் எசேக்கியேல் பக்கத்திலேயே இருந்தார், பல் டாக்டர். அவராவது பல்லைப் பிடுங்குமுன் சம்மதம் கேட்டிருப்பார் என்று நம்புவோம்.

அதற்கு முன் அம்மா சட்டம் படித்ததே பெரிய கூத்து. முதலில் போன காலேஜ், பையன்கள் கவனம் சிதறும் என்று சீட் தரவில்லை. அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டி! இன்னொன்றில் படித்து முடித்தால் டிப்ளமோ தரமாட்டோம் என்றார்கள். அந்தக் காலேஜுக்குப் பெயரளவில் தலைவர் யார் தெரியுமா? ஜனாதிபதி கிராண்ட். அம்மா கடுப்பாக ஒரு கடிதம் போட்டார்: நீங்கள் தலைவர் என்றால் டிப்ளமோவைக் கொடுங்கள், இல்லையென்றால் பேரை எடுத்துவிடுங்கள். பதில் வரவில்லை, டிப்ளமோ வந்தது. உள்நாட்டுப் போரில் ஜெனரல் லீயையே சரணடைய வைத்தவர் கிராண்ட்!

கிளெய்ம்ஸ் கோர்ட்டைப் போலவே சுப்ரீம் கோர்ட்டும் கதவைச் சாத்தியது. சரி, சட்டத்தையே மாற்றலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் பின்னாலேயே அலைந்து, 1879இல் மாற்றியும் விட்டார். நடந்து போனால் கேஸுக்கு லேட்டாகிறது என்று முச்சக்கர சைக்கிள் வாங்கி மிதித்தார். பத்திரிகைகளுக்கு ஓசியில் கார்ட்டூன்!

1884இல் ஜனாதிபதி தேர்தலிலேயே நின்றார். ஓட்டுப் போடத்தான் பெண்களுக்கு உரிமையில்லை. ஓட்டு வாங்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? கேலி செய்ய ஆண்கள் கவுன் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அம்மாவும் லேசுப்பட்டவரில்லை. நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டை வைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவில் என் ஓட்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள் என்று காங்கிரஸுக்கு மனுப் போட்டார். தோற்றவர்கள் வசனம் அன்றிலிருந்து மாறவேயில்லை.

1894இல் வர்ஜீனியா அவரை வக்கீலாக ஏற்கவில்லை. யார் வக்கீலாகலாம் என்ற அந்த மாநிலச் சட்டத்திலோ 'நபர்' என்றுதான் இருந்தது. பதினைந்து வருஷமாகத் தன்னை வக்கீலாக வைத்திருந்த சுப்ரீம் கோர்ட்டிடமே நியாயம் கேட்டார். அது யோசித்துச் சொன்னது: பெண் 'நபரா' இல்லையா என்பதை வர்ஜீனியாவே முடிவு செய்துகொள்ளட்டும்.