கோயமுத்தூருக்கு ஒரு கடல் வேண்டும்

கோயமுத்தூரில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "நம்மூர்ல என்னங்க இருக்குது?"

கேட்டவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. பட்டியல் அவரிடமே இருக்கும். மெட்ரோ இல்லை. பெரிய விமானம் இறங்க நீளமான ஓடுபாதை இல்லை. ஹைகோர்ட் பெஞ்ச் இல்லை. ரயில்வே கோட்டம் இல்லை. இன்டர்நேஷனல் மேட்ச் நடத்த கிரிக்கெட் ஸ்டேடியம் இல்லை. ரசம் வந்தாலும் பட்டியல் முடியாது. பாயசம் வந்தால்தான் நிற்கும், அதுவும் வாய்க்கு வேறு வேலை வந்துவிடுவதால்.

பீளமேட்டில் பிறந்த நான் இந்தப் பட்டியலைக் கேட்டே வளர்ந்தவன். என் சின்ன வயதில் அது மிகவும் சிறியது. சங்கு ஊதினால் மில்லுக்குப் போய், சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்த ஊரில், என்னென்ன இல்லை என்று உட்கார்ந்து எண்ண ஆளுக்கு நேரமில்லை. பிறகு ஊர் வளர்ந்தது. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகள் வந்தன, மால்கள் வந்தன, மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. வந்தவற்றையெல்லாம் நாங்கள் கையோடு மறந்துவிட்டு, வராதவற்றைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். ஒரு ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அங்கே இருப்பதை எண்ண வேண்டாம். இல்லையென்று அந்த ஊர்க்காரர்கள் புலம்புவதை எண்ணினால் போதும்.

பட்டியலில் முதல் இடம் மெட்ரோவுக்கு. பெங்களூருக்கு 2011-ல் வந்தது, சென்னைக்கு 2015-ல் வந்தது. அதுவரை பொறுத்துக்கொண்டோம், பெரிய ஊர்கள். 2017-ல் கொச்சிக்கு வந்ததும் பொறுக்க முடியவில்லை. கொச்சி எங்களுக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் கார் வாங்கினால் வரும் வலி, அமெரிக்காவில் யாரோ கப்பல் வாங்கினால் வருவதில்லை. எங்களுக்கும் திட்டம் போட்டு டெல்லிக்கு அனுப்பினார்கள். 2025 நவம்பரில் அது திரும்பி வந்தது. மெட்ரோ வேண்டுமென்றால் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டும், 2011 கணக்கெடுப்புப்படி நீங்கள் அவ்வளவு பேர் இல்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் காந்திபுரத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, 20 லட்சம் பேரும் எனக்கு முன்னால்தான் நிற்கிறார்கள் என்று தோன்றியது. 2011-க்குப் பிறகு ஊருக்கு வந்தவர்கள், பிறந்தவர்கள் எல்லோரும் கணக்கில் சேராமலே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. பம்ப் செட் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். "கணக்கெடுக்க வர்ற வாரம் பொள்ளாச்சி, திருப்பூர், உடுமலை சொந்தக்காரங்களையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டு வெச்சுக்கலாமுங்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டா நாலு நாள் இருக்க மாட்டாங்களா?"

இவ்வளவு பெரிய அடி விழுந்தும் ஊர் ஓரளவு தாங்கிக்கொண்டது. காரணம், அதே நாளில் மதுரைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மதுரைக்கு மட்டும் கொடுத்திருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 2004-ல் அவர்களுக்கு ஹைகோர்ட் பெஞ்ச் கிடைத்ததையே இன்னும் நாங்கள் முழுசாக மன்னிக்கவில்லை.

அடுத்தது ரயில். 2007 வரை நாங்கள் பாலக்காடு கோட்டத்தில் இருந்தோம். கேரளத்தின் கீழ் இருப்பதா என்று கொதித்தோம். அந்த ஆண்டு நவம்பரில் தனியாகப் பிரித்துப் புதுக் கோட்டம் கொடுத்தார்கள். தலைமையகம் சேலத்தில். அன்றிலிருந்து சேலத்தின் கீழ் இருப்பதா என்று கொதிக்கிறோம். வருமானம் நம்முடையது, ஆபீஸ் அவர்களுடையது என்பது எங்கள் வாதம். இது போதாதென்று, கேரளம் போகும் சில ரயில்கள் இருகூரில் திரும்பி, போத்தனூர் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கடன் வாங்கியவர் நம் தெருவைத் தவிர்த்துவிட்டுப் போனால்கூட எங்களுக்கு இவ்வளவு கோபம் வராது.

விமானத்துக்கு வருவோம். 2012-ல் எங்கள் விமான நிலையத்துக்குச் சர்வதேசப் பட்டம் கிடைத்தது. இங்கிருந்து சிங்கப்பூர் போகலாம், ஷார்ஜா போகலாம், அபுதாபி போகலாம். அமெரிக்காவில் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள் மட்டும் ஊறுகாய், பருப்புப்பொடி சகிதம் கொச்சிக்கோ சென்னைக்கோ போய் ஏற வேண்டும். ஓடுபாதையை நீட்டுவதற்காக நிலம் எடுக்கும் வேலை பத்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்தது. ஓடுபாதையின் நீளம் மாறவில்லை, அதைப் பற்றிய பேச்சின் நீளம் மட்டும் ஆண்டுதோறும் கூடியது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் இதைக் கேட்டால் சிரிப்பான். "மாமா, உங்க ஏர்போர்ட்டுக்கு நீங்க செருப்பை மாட்டுனா போய்ச் சேர்ந்துடுவீங்க. நான் வீட்டுல இருந்து தேவனஹள்ளி போற நேரத்துல, பிளைட்டே கோயமுத்தூர் வந்துடுமுங்க" என்பான். அவன் பெங்களூரைப் பற்றிப் புலம்புவதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே மாதாமாதம் போன் செய்கிறேன்.

மிருகக்காட்சிசாலை ஒன்று வ.உ.சி. பூங்காவில் இருந்தது. இடம் போதவில்லை என்று 2022-ல் அதன் அங்கீகாரம் ரத்தாகிவிட்டது. சென்னைக்கு வண்டலூர் இருக்கிறது, எங்கள் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று கேட்டோம். குழந்தைகள் எங்கும் போக வேண்டியதில்லை என்று முடிவு செய்தவை யானைகள். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ராத்திரியில் அவையே வருகின்றன. வாழைத்தோப்பைப் பார்வையிடுகின்றன, ரேஷன் கடைக் கதவைத் தட்டி அரிசி இருக்கிறதா என்று கேட்கின்றன. கூண்டில்லாத மிருகக்காட்சிசாலையில் பார்வையாளர்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.

இனி கடல். இது சென்னையில் இருக்கும் என் மைத்துனரால் வந்த குறை. கோடை விடுமுறைக்கு வந்தால், அஞ்சு மணிக்குக் காபி குடித்துவிட்டு, "உங்க ஊர்ல சாயங்காலம் எங்க மாமா போவீங்க?" என்று கேட்பார். அவரை உக்கடம் பெரியகுளத்துக்குக் கூட்டிப் போனோம். கரையெல்லாம் அழகாகக் கட்டி, விளக்குப் போட்டு, 'ஐ லவ் கோவை' என்று பெரிய எழுத்தில் வைத்திருக்கிறார்கள். ஊரே அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. மைத்துனர் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அலை இல்லையே" என்றார். கடைசியாக மெரினாவுக்கு எப்போது போனீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நாங்கள் சென்னைக்குப் போயிருந்தபோது எங்களுக்குக் காட்டுவதற்காகப் போனாராம். கடல் வைத்திருப்பவர்கள் அதை விருந்தாளிகளுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அன்று புரிந்தது. இருந்தாலும் ஒரு கடல் இருந்தால், வருகிறவர்களிடம் வாய் அடைபட வேண்டியதில்லை.

இவ்வளவையும் அடுக்கிவைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாங்கள் யாருடன் போட்டி போடுகிறோம்? மெட்ரோ என்றால் பெங்களூரு, கடல் என்றால் சென்னை, விமானம் என்றால் கொச்சி, கோர்ட் என்றால் மதுரை, ரயில்வே என்றால் சேலம். சென்னையைத் தவிர, இவை எல்லாம் ஒன்றாக இருக்கும் ஊர் இந்த ஐந்தில் கிடையாது. பெங்களூரில் கடல் இல்லை, கொச்சியில் கேரளத்தின் ஹைகோர்ட்டே இருந்தாலும் தலைநகரம் இல்லை, சேலத்துக்கு ரயில்வே ஆபீஸைத் தவிர எங்களிடம் காட்டிப் பீற்ற வேறொன்றும் இல்லை என்று எங்கள் ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஐந்து ஊர்களிலும் மிகச் சிறந்ததை எடுத்து, நாங்களே ஒரு எதிரியைச் செய்து, தினமும் அவனிடம் தோற்றுவிட்டு வந்து தூங்குகிறோம்.

எதிரிகளிடம் எது இல்லை என்று ஒரு பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் சிறுவாணித் தண்ணீர். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். முதலாவது எது என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. அணை கேரளத்தில் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நாங்கள் பேச மாட்டோம்.

அடுத்து மோட்டாரும் பம்பும். இந்த நாட்டில் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் மேலே ஏறுவது எங்கள் பட்டறைகளின் தயவால். இந்தியாவின் முதல் மின்மோட்டாரை 1937-ல் இங்கேதான் ஜி.டி. நாயுடு காலத்தில் செய்தார்கள். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. சென்னையில் இட்லி பூப்போல வந்தால் அதில் எங்கள் கல்லுக்கும் பங்கு உண்டு. ஆனால், "எங்க ஊர்ல கிரைண்டர் கம்பெனி இல்லையே" என்று எந்தச் சென்னைக்காரரும் பந்தியில் புலம்பி நான் கேட்டதில்லை.

சினிமாவும் எங்களிடம் இருந்ததுதான். 1914-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் இங்கே நிரந்தரக் கொட்டகை கட்டிவிட்டார். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் ஓகோவென்று ஓடின. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-ல் வந்தது, எடுக்கப்பட்டது இங்கேதான். அப்புறம் சினிமா சென்னைக்கு ரயில் ஏறிவிட்டது. அந்த ரயில் மட்டும் சரியாகக் கோயமுத்தூர் ஜங்ஷனில் நின்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

எங்களுக்கே உரிய இன்னொன்று, போனதை விட்டுக்கொடுக்காத குணம். அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது. 1945-ல் ஆரம்பித்த அந்தக் காலேஜ் எப்போதோ தடாகம் ரோட்டுக்குக் குடிபோய், ஜி.சி.டி. ஆகிவிட்டது. கண்டக்டர் இன்றைக்கும் "ஹோப் காலேஜ் எறங்குங்க" என்கிறார், நாங்களும் இறங்குகிறோம். மெட்ரோவையும் இப்படியே அறிவித்துவிட்டால் ஒரு வேளை நாங்கள் ஏறிவிடுவோம்.

அதே அவிநாசி ரோட்டில்தான் 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் திறந்தார்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே நீளமானது. பந்தியில் பேச ஒரு 'இருக்கிறது' கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மேலே கார்கள் பறக்கின்றன. கீழே, பாலத்துக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் மருந்துக்கடை. ஊரில் பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்டதால் வண்டிகள் நிற்பதே இல்லை. நடந்து கடக்க நினைப்பவர் முருகனை வேண்டிக்கொண்டுதான் கால் வைக்க வேண்டும். அதனால் நான் ஸ்கூட்டரை எடுத்து, இடதுபக்கம் போய், யூ-டர்ன் அடித்து, எதிரே தெரிகிற கடைக்குப் போகிறேன். வாங்குவது பிரஷர் மாத்திரை.

நடப்பதற்கு ஊரில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஊரில் பாதிப்பேர் அங்கே காரில் வந்து, இடம் தேடி நிறுத்தி, சுற்றிச்சுற்றி நடந்துவிட்டு, காரில் வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்து ரேஸ்கோர்ஸுக்கு நடந்தே வருவது உடம்புக்கு ஆபத்து.

யோசித்துப் பாருங்கள். மெட்ரோவுக்கு மனு, ஓடுபாதைக்கு மனு, பெஞ்சுக்கு மனு. தெருமுனைக் கடைக்கு நடந்துபோக ஒரு பிளாட்பாரம் வேண்டும் என்று எந்தப் பந்தியிலும் யாரும் பேசவில்லை. அதற்கு ஒரே காரணம்தான்: சென்னையிலும் அது ஒழுங்காக இல்லை. பெங்களூரிலும் இல்லை. எதிரியிடம் இல்லாததைக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் ஊரில் கல்வெட்டுத் திறந்தபிறகுதான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம். 2019-ல் தி. நகர் பாண்டி பஜாரில் அகலமாக நடைபாதை போட்டார்கள், அதற்கப்புறம் எங்கள் ஆர்.எஸ். புரம் டி.பி. ரோடும் மாதிரிச் சாலை ஆகிவிட்டதே!

ஆகவே இந்தக் கட்டுரையை எங்கள் மாநகராட்சிக்கு அனுப்பிப் பிரயோசனமில்லை. சென்னை மாநகராட்சிக்குத்தான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊரில் எல்லாத் தெருவிலும் உடையாத, வண்டி நிறுத்தாத, குழி இல்லாத நடைபாதையும், கிழவர்கள் கடப்பதற்கு வழியும் சீக்கிரம் போட்டுவிடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்று ராத்திரியே பொறாமையில் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். மறுநாள் காலையில் மனு தயார், நானே முதல் கையெழுத்து போடுகிறேன்.