விட்டாற்சிணுங்கி: வீட்டுக் கிட்டார் ஒலிப்பதிவின் இரைச்சல் குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரையின் முற்பகுதி

கிட்டாரைக் கணினியில் செருகி ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும், நாம் வாசிக்கும் முன்பே வந்து பதிவாகும் ஓசையைப் பாமரர் ‘ங்ங்ங்’ என்பர். ஆய்வாளர் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது.

ஓசைக் குற்றம் நால்வகைப்படும்: வெடிப்பு, பிந்தல், மழுங்கல், சிணுங்கல்.

வெடிப்பு: கெயினைக் குறைக்க.

பிந்தலாவது, மீட்டிய தந்தி சற்றுப் பொறுத்து ஹெட்ஃபோனில் கேட்பது. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 1,024 என்றால் ஒருவழிக்கே 23 மில்லி விநாடி; 128 என்றால் 3-ஐத் தொடாது. மேலும் குறைத்தால் கணினி திக்கத் தொடங்கும். பிந்துவதா திக்குவதா என்பதில் அறிஞர் இருவேறாவர். கருத்தரங்க மேடையில் இரண்டையும் ஒருவரே செய்வதுண்டு.

மழுங்கல், கிட்டாருக்கென்று உள்ள உள்ளீட்டை விட்டு லைன்-இன்னில் செருகியவர்க்கு உரியது. செருகியதை அவர் ஒப்புக்கொள்ளார்.

இனிச் சிணுங்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே சிணுங்கலும் 50, 100 என்று அதன் மடங்குகளில் வரும். ஒற்றைச் சுருள் பிக்கப் இதை ஆண்டெனாபோல் வாங்கிக்கொள்ளும். 1950-களில் கிப்ஸனில் இருந்த செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, ஒன்றின் சிணுங்கலை மற்றதால் அடித்தார். அவர் பொறியாளர், ஆகவே வகைப்படுத்தாமல் தீர்த்துவிட்டார். துறைக்கு அது பேரிழப்பு.

இதன் உட்பிரிவுகளுள் தலையாயது விட்டாற்சிணுங்கி. தந்தியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் எழும். தொட்டாற்சிணுங்கிச் செடிக்கு நேர்மாறு. தந்திகள் பிரிட்ஜ் வழியே கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால், இரைச்சலைச் சுமந்து நிற்கும் ஆய்வாளரின் உடம்பு தொட்டதும் அடங்குகிறது என்பது மாடிவீட்டார் வாய்மொழி. இதை மறுக்கும் ஒரே சான்று எங்கள் மீட்டர் பெட்டிச் சுவடி: எலக்ட்ரீஷியன் பென்சிலால் மூடியின் உட்புறம் எழுதியது, மூன்று வரி, முதல் வரி கரப்பான் அரித்தது, இரண்டாம் வரி பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் மறைந்தது. மூன்றாம் வரியை ‘எர்த் இல்லை’ என்று ஒரு சாராரும், ‘அர்த்தம் இல்லை’ என்று மறு சாராரும் பாடங்கொள்வர். முன்னவர் ஒயரைத் தேடிப் போனார்கள். பின்னவருக்குப் பட்டம் கிடைத்தது.

எர்த் முள்ளை ஒடித்தால் சிணுங்கல் நிற்கும் என்றொரு பள்ளி உண்டு. ஆய்வாளரும் நிற்கக்கூடும், வேண்டாம்.

களப்பணியில் கண்டவை: ஃபேன் ரெகுலேட்டர் மூன்றில் கரகரப்பு, ஐந்தில் இல்லை. ட்யூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் குறைவு. பூஜை அறையைப் பார்த்துத் திரும்பினால் மிகக் குறைவு. இதை வைத்து வாஸ்து நூலார் ஒரு தொகுதி போடலாம்; பிக்கப்பின் கோணம் மாறியதே காரணம் என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் முக்கால்வாசி போய்விடும். இந்த முடிவை உறுதிசெய்யப் பிடுங்கியும் செருகியும் ஒரு மாலை முழுதும் கேட்டேன், பெரும்பாலும் பிடுங்கியபடி.

ஏழரைக்குத் தெருவே கரண்ட் போயிற்று. ஃபேன் இல்லை, ட்யூப்லைட் இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை. இருட்டில் தந்தியிலிருந்து கையை எடுத்தேன், அப்போதும் நிசப்தம். ரெக்கார்டை அழுத்தப் போனபோது திரையின் மூலையில் பேட்டரி நான்கு சதவீதம் என்றிருந்தது.