முத்தியால்பேட்டைப் பட்டணத்தார்

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவில் ஒருவருக்குப் ‘பட்டணத்தார்’ என்று பெயர். எல்லாவற்றையும் துறந்து திருவொற்றியூரில் சமாதியான பட்டினத்தார் வேறு. இவர் துறந்தது வீட்டுச் சாப்பாட்டை மட்டும்தான், அதுவும் சனி, ஞாயிறு இரண்டு நாள்.

சனிக்கிழமை விடியுமுன் மணிக்கூண்டுப் பக்கம் பால்காரருக்கு முன்னால் இவர் தென்படுவார். கையில் மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டு, இரண்டு காலி டிபன் டப்பா, ஓர் அட்டை ஜீரண மாத்திரை.

“எங்கண்ணே கெளம்பிட்டீங்க?”

“மெட்ராஸ்பா. சாப்ட்டு வந்துட்றேன்.”

ஏதோ தெருமுனைக் கடையில் டீ குடிக்கப் போகிறவர் மாதிரிதான் சொல்வார். போவதென்னவோ 150 கிலோமீட்டர். சிவாஜி சிலையருகே ஈ.சி.ஆர். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், எதிரே சென்னைக் கார்கள் சாரிசாரியாக வரும். அத்தனையும் பாண்டிச்சேரியில் சாப்பிட வருகிற கூட்டம். “பாவம், விவரம் தெரியாத ஜனங்க” என்று இரக்கப்படுவார்.

சென்னையின் வரைபடம் அவர் வயிற்றில் இருக்கிறது. திருவல்லிக்கேணி என்றால் ஊருக்கெல்லாம் பார்த்தசாரதி கோயில். இவருக்கு 1948-இல் தொடங்கிய ரத்னா கபே. அங்கே இட்லி சாம்பாரில் மிதப்பதில்லை, மூழ்கிவிடும். இவர் முத்தெடுப்பவரைப் போல விரலை விட்டு எடுப்பார். மயிலாப்பூர் என்றால் ராயர் மெஸ்ஸும் காளத்தி கடை ரோஸ் மில்க்கும். அண்ணா சாலை என்றால் 1951-இல் வந்த புகாரி. உயர் நீதிமன்றம் எங்கே என்று கேட்டால், “அத்தோ கடைக்குப் பக்கத்துல” என்பார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பாரிமுனைக்குக் கொண்டுவந்த அந்த நூடுல்ஸை, முட்டைகோஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கையால் பிசைந்து தருவதை அவர் நடித்துக் காட்டும்போது நமக்கே வாயூறும். தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.

இரவு மச்சான் வீட்டில் தங்கல். சாப்பிடாத விருந்தாளியை யார் வேண்டாமென்பார்கள்?

“மெரினா பாத்தீங்களாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கடலு நம்மூர்லயே இருக்கே தம்பி.”

“இட்லியுந்தான் இருக்கு.”

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு அவரே மனமிரங்கித் தத்துவத்தைச் சொன்னார்: “க்யூல நிக்காம கெடைக்கிற சோறு சோறே இல்லப்பா.” கனடா எழுத்தாளர் யான் மார்ட்டெல் தன் ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் கொண்டுபோய் வைத்த நேரு வீதி காப்பி ஹவுஸ், இவருக்கு மழைக்கு ஒதுங்குகிற இடம். சென்னைப் பிள்ளைகள் படமெடுத்துக்கொண்டு தின்னும் பிரெஞ்சு ரொட்டி, காய்ச்சல் வந்தால் மட்டும் தொடுவது.

அண்ணிக்கு இதிலெல்லாம் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சோலை நகர்க் கரையில் இறங்கின சங்கரா மீனை வாங்கி, வடவம் தாளித்து அவர் குழம்பு வைப்பதே சனி, ஞாயிறில்தான். மதில்மேல் ஒரு கிண்ணம் எனக்கும் வரும். பட்டணத்தாருக்கு இந்தச் சங்கதி தெரியாது. ஞாயிறு இரவு வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து, “ரசம் இருந்தா போதும்” என்பார்.

போன ஞாயிறு மதியமே திரும்பிவிட்டார். வாசலில் சென்னை எண் போட்ட கார். ஓர் இளம் தம்பதி மூக்கை உயர்த்தி நின்றார்கள்.

“சார், இந்த வாசனை எந்த மெஸ்? சாப்பாடு ஆரம்பிச்சுட்டாங்களா?”

பட்டணத்தாரும் மூக்கை உயர்த்தினார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அதற்குள் ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல்:

“அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. சோறு வடிச்சிட்றேன்.”

தம்பதி வாசற்படியோரம் நின்றார்கள். பட்டணத்தார் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்.