முறையாக நனைவது எப்படி?

ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் வே பாதை கிளாஸ்கோ அருகே மல்காயில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகிறது. 1980-இல் திறந்தார்கள். நடந்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்க மழை பெய்தாலும் அங்கே யாரும் அதைச் செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். முன்னறிவிப்பில் ‘இடையிடையே மழை’ என்றிருந்தால், மழைக்கு இடையிடையே மழை என்று படிக்கவும்.

முதலில் ரெயின்கோட். விலை உயர்ந்ததாகவே வாங்குங்கள். மூச்சுவிடும் துணி என்பார் கடைக்காரர். விடும், மேல்பூச்சு தேயும்வரை. பிறகு வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். உள்ளே வியர்வைக்குப் போக்கிடம் இருக்காது. மலிவான கோட்டில் மழையால் நனைபவர், இதில் சொந்த முயற்சியால் நனைகிறார்.

தண்ணீர் புகாத ஷூவும் அவசியம். லோமண்ட் ஏரிக்கரையில் வேர்களையும் பாறைகளையும் தாண்டி ஓர் ஓடையில் கால் வைத்ததும் மேல்வழியாக நீர் இறங்கும். தண்ணீர் புகாத ஷூவிலிருந்து தண்ணீர் வெளியேறவும் செய்யாது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் காக்கும். ரானோக் மூர் வெட்டவெளியில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது, மழையும் பக்கவாட்டில்தான் வரும். உடன் வருபவர் நடுங்கி, நாக்குழறி, கையிலிருப்பதை நழுவவிட்டால் கேலியை நிறுத்துங்கள். உடனே டெண்ட், உலர்ந்த துணி, சூடாக ஏதாவது. உறைபனி இல்லாத நாளிலும் குளிர் ஆளைக் கொல்லும்.

இனி சாக்ஸ். ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பையின் அடியில் வைத்துவிடுங்கள். அது ராத்திரிக்கு மட்டும். மாலையில் ஷூவைக் கழற்றினால் பாதம் வெளுத்துச் சுருங்கி, யாருடையதோ போலிருக்கும். துடைத்து, காற்றாட விட்டு, அந்த உலர்ந்த ஜோடியை மாட்டிக்கொண்டு படுங்கள். இந்தப் பயணத்தின் ஒரே சுகம் இதுதான். காலையில் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, நேற்றைய ஈர சாக்ஸைப் பிழிந்து மறுபடி மாட்ட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் எந்தத் தெய்வத்தையும் எந்த வார்த்தையாலும் அழைக்கலாம். மனமிரங்கி உலர்ந்ததையே போட்டுக்கொண்டால், பத்தாவது நிமிடம் உங்களிடம் இரண்டு ஈர ஜோடிகள் இருக்கும்.

மழை நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளாதீர்கள். கோடையில் மழையும் காற்றும் ஓய்ந்ததும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும். அரை மணியில் நீங்களே மழையைக் கூப்பிடுவீர்கள்.

ஃபோர்ட் வில்லியமில் பாதை முடியுமிடத்தில், வலிக்கும் காலைப் பிடித்தபடி ஒருவர் சிலையாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவிலிருந்து இந்த ஊருக்கு நேர் ரயில் உண்டு. சுமார் நான்கு மணி நேரம்.