கண்ணன் வந்தால் நீலம்

மார்கழி சபாக்களில் நடனத்தைப் படமெடுக்க ஃபிளாஷ் போடக் கூடாது, நியாயம்தான். ஆனால் ஒளியமைப்பாளருக்குக் கதை தெரிந்திருப்பதுதான் தொல்லை. கண்ணன் வந்தால் நீலம், மகிஷன் வந்தால் ரத்தச் சிவப்பு. அரக்குப் பட்டு, செம்பஞ்சு பூசிய விரல், முகபாவம் எல்லாம் கேமராவுக்கு ஒரே தக்காளிச் சட்னி. ஐஎஸ்ஓ 6400, அப்பர்ச்சர் 2.8, ஷட்டர் 1/250 என்று வைத்தாலும் துரித கால ஜதியில் கை புகையாகிவிடுகிறது. விவரம் தெரிந்தவர் ஜதியை நிறைவுசெய்யும் தீர்மானம் முடியும் இடத்துக்குக் காத்திருப்பார். ஆடுபவர் ஒரு கணம் அசையாமல் நிற்பது அங்கேதான். முன்வரிசை மாமா கேன்டீனுக்கு எழுந்து கிளம்புவதும் அங்கேதான். படத்தில் அவர் வழுக்கை மட்டும் துல்லியம். மறுநாள் நடனமணியின் அம்மா கேட்பார்: "என் செல்போன்ல எடுத்ததே பளிச்னு இருக்கே, தம்பி?"