முடிவை மாற்றி எழுதுக – 20 மதிப்பெண்

மேற்கு வங்கத்தில் மேல்நிலைத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு, செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 80, புராஜெக்ட் 20. இலக்கியத்தில் அந்த 20-க்குப் பெயர் படைப்பாற்றல். நாவலைப் படித்து முடித்தபின் செய்ய வேண்டியது என்பது ஏற்பாடு. நாவலைப் படிக்காமலேயே செய்து முடிக்கலாம் என்பது வசதி. அப்பா தெர்மாகோல் வெட்டுவார், அம்மா பெவிகால் தடவுவார், பிள்ளை அட்டையில் பெயர் எழுதும். எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் கைடு கிடைக்கும். படைப்பாற்றலைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

ஒரு பள்ளி மகாஸ்வேதா தேவியின் 'ஹஜார் சுராஷிர் மா'வைப் பாடமாக வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொல்கத்தாவின் நக்சல் காலத்தைப் பற்றிய நாவல் அது. கொல்லப்பட்ட மகன் விரதி பிணவறையில் 1084-ஆம் எண். அந்த எண்ணின் தாய் சுஜாதா. இதற்கு நம் ஆசிரியர் பெருமக்கள் என்ன புராஜெக்ட் கொடுப்பார்கள்?

ஒன்று: விரதிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை தயாரிக்கவும். மினுமினுப்புத் தூள் பயன்படுத்தினால் கூடுதல் மதிப்பெண்.

இரண்டு: சுஜாதாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை வடிவமைக்கவும். மூன்று ஹேஷ்டேக் கட்டாயம்.

மூன்று: பிணவறையின் மாதிரி. அளவு இரண்டடிக்கு இரண்டடி. சிவப்பு வண்ணத்தைத் தவிர்க்கவும், பெற்றோர் கூட்டத்தில் பார்வைக்கு வைக்கப்படும்.

நான்கு: கதையின் முடிவை மகிழ்ச்சியாக மாற்றி எழுதவும்.

இந்த நான்காவதுதான் எல்லாக் காலத்துக்கும் பிடித்தமானது. நாவலுக்குள்ளேயே அதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்: விரதியின் தந்தை திவ்யநாத். மகன் செத்த செய்தி வந்ததும் அந்த மனிதர் பிணவறைக்கு ஓடவில்லை. பத்திரிகையில் மகன் பெயர் வராமலிருக்க ஆள் பிடிக்க ஓடினார். பெயர் வரவில்லை, குடும்ப கௌரவம் பிழைத்தது, முடிவு மாறியது. இருபதுக்கு இருபது.

கொல்கத்தாவில் நாவலுக்கு நிஜமாகவே புராஜெக்ட் செய்த ஒருவரும் இருந்தார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' 1929-இல் நூலானது. பின்னாளில் அதன் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த சத்யஜித் ராய். படம் வரையும்போது படித்துத் தொலைத்துவிட்டார், அதுதான் வினை. அதைத் திரைப்படமாக்க 1952-இல் படப்பிடிப்பு தொடங்கினார். கையில் காசில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசி போயிற்று, இசைத்தட்டுகள் போயின, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மாநில அரசு கைகொடுத்தது. தலைப்பில் பாதை இருந்ததால் 'சாலை மேம்பாடு' என்ற கணக்கில் பணம் எழுதப்பட்டது. அரசுக்கும் ஒரு சின்ன ஆசை இருந்தது: முடிவு கொஞ்சம் மகிழ்ச்சியாக இருக்கலாமே!

ராய் மாற்றவில்லை. படம் 1955-இல் வெளிவந்தது. மறுவருடம் கான் விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்று விருது. நம் பள்ளியில் சமர்ப்பித்திருந்தால் கிடைத்திருப்பது இது: வருடக்கணக்கில் தாமதம், 5 மதிப்பெண் கழிவு, வண்ணம் இல்லை, 5 கழிவு, குழந்தை சாகிறது, பெற்றோரை அழைத்து வரவும்.

முடிவை மாற்ற மறுக்கும் எழுத்தை என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையை எடுத்தது. காவலில் சிதைக்கப்பட்ட ஒரு பழங்குடிப் பெண் துணி உடுத்த மறுத்து, ராணுவ அதிகாரிக்கு முன் நிமிர்ந்து நிற்கும் கதை. கூடவே நம் தமிழ் எழுத்தாளர்கள் பாமாவும் சுகிர்தராணியும் வெளியே போனார்கள். கொல்கத்தாக்காரருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் ஒரே கத்தரி. தேச ஒற்றுமைக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? வாழ்த்து அட்டைக்குள் அடங்காத பெண்கள் இவர்கள். இவர்களை வைத்துக்கொண்டு எந்தத் தெர்மாகோலை வெட்டுவது?

கோபத்தை ஒதுக்கிவைத்து நானும் ஒரு புராஜெக்ட் யோசனை தருகிறேன். செலவில்லாதது. அதே நக்சல் காலத்தில், 1971 ஆகஸ்டில், கொல்கத்தா காசிப்பூர்–பராநகர் பகுதியில் வீடு வீடாகத் தேடி இளைஞர்களைக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கணக்கு இல்லை. அந்தத் தெருக்களில் எழுபது வயது தாண்டியவர்கள் இருக்கிறார்கள். மாணவர்களே, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நாட்களில் யார் கதவைத் தட்டினார்கள், யார் திறக்கவில்லை என்று கேளுங்கள். மகன் வாழ்ந்த வாழ்க்கையைத் தேடி சுஜாதாவும் இப்படித்தான் அவன் தோழர்களின் வீடுகளுக்குப் போனாள். கேட்டதை எழுதுங்கள். முடிவை மாற்றாதீர்கள்.

இப்படி ஒரு புராஜெக்டைக் கொடுக்கும் பள்ளிக்கு மறுநாளே தொலைபேசி வரும். முதலில் அழைப்பவர் அமைச்சராக இருக்க மாட்டார். "ஸார், எங்கள் பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு? பழையபடி தெர்மாகோலே கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்பார், கட்டணம் ஒழுங்காகக் கட்டும் ஒரு திவ்யநாத்.